புள்ளி இலைப் பூவைத் தேடி: ஸ்மோக்கி மலையில் அம்மாவோடு நான்கு நாள்

முதல் நாள், வியாழன், செரோக்கி

காலை பத்து மணிக்கு வட கரோலினாவின் சார்லட்டில் வண்டியை எடுத்தோம், மலையடிவார ஊரான செரோக்கி வந்து சேர மதியம் இரண்டு. மூன்று மணி நேரத் தூரம்தான், ஆனால் அம்மாவுக்கு ஒரு மணி நேரம் காரில் உட்கார்ந்தாலே முட்டி பிடித்துக்கொள்ளும், அதனால் நிறுத்தி நிறுத்தி, கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தை வழியில் ஓரிடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு நிதானமாக வந்தோம். ஏப்ரல் மூன்றாவது வாரம். சாலையோரம் முழுக்க டாக்வுட் மரங்கள் வெள்ளையாகப் பூத்து நிற்கின்றன. அம்மா அதைப் பார்த்து "நந்தியாவட்டையாட்ட இருக்குது" என்றார்.

இந்த நான்கு நாளும் ஒரே ஒரு பூவுக்காகத்தான். டிரவுட் லில்லி என்று பெயர். கிழக்கு அமெரிக்கக் காடுகளுக்கே உரிய சின்ன மஞ்சள் பூ, அரையடி உயரம் இருந்தால் அதிகம். மரங்கள் இலை விடுவதற்கு முன்னால், காட்டுத் தரையில் வெயில் விழுகிற சில வாரங்களுக்குள் முளைத்து, பூத்து, காய்த்து, ஜூன் மாதத்துக்குள் இலை கூட இல்லாமல் மண்ணுக்குள் போய்விடும். மூன்று வருடமாக ஒவ்வொரு வசந்தத்திலும் பார்க்க நினைத்து, வேலையோ மழையோ ஏதோ ஒன்று வந்து தள்ளிப்போனது. இந்த முறை அம்மா தமிழ்நாட்டில் எங்கள் ஊரான மூலனூரிலிருந்து பிப்ரவரியில் வந்திருக்கிறார், அவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்கா வட கரோலினா, டென்னசி இரண்டு மாநிலத்திலும் கிடக்கிறது. 1934ல் பூங்காவாக்கினார்கள். பூக்கும் தாவரம் மட்டும் 1,500 வகைக்கு மேல். உள்ளே போகக் கட்டணம் கிடையாது, ஆனால் கால் மணி நேரத்துக்கு மேல் எங்கே வண்டியை நிறுத்தினாலும் பார்க்கிங் வில்லை வேண்டும்: ஒரு நாளைக்கு 5 டாலர், ஒரு வாரத்துக்கு 15. நான் வார வில்லை வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் ஓக்கனலஃப்டி ஆற்றோரப் பாதையில் நடந்தோம். ஒரு பக்கத்துக்கு ஒன்றரை மைல், சமதரை, அம்மாவின் முட்டிக்கு ஏற்றது. பாதையோரப் பலகைகளில் ஆங்கிலத்தோடு இந்த மலையின் பூர்வகுடிகளான செரோக்கி மக்களின் மொழியும் இருக்கிறது, செகோயா என்ற செரோக்கிக்காரர் 1821ல் தன் மக்களுக்காக உருவாக்கிய எழுத்தில். அம்மாவுக்கு ஆங்கில எழுத்தே தட்டுத்தடுமாறித்தான் வரும். அந்த எழுத்துகளைப் பார்த்துவிட்டு "இது இவிய சொந்த எழுத்தா?" என்று கேட்டு, ஆமாம் என்றதும் பலகையை ஒருமுறை தடவிக் கொடுத்தார்.

ஆற்றை ஒட்டிய புல்வெளியில் எல்க் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. அம்மா "கடமான்" என்றார். இந்த மலையில் எல்க் முழுவதும் அழிந்துபோய், 2001லும் 2002லும் வெளியிலிருந்து 52 எல்க்குகளைக் கொண்டுவந்து விட்டார்கள், இப்போது நிற்பவை அதன் வாரிசுகள். ஒரு விஷயம் நினைவுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். ஐரோப்பாவில் எல்க் என்றால் வேறு விலங்கு, இங்கே மூஸ் என்று சொல்கிறார்களே, அது. இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள் இந்தப் பெரிய மானைப் பார்த்ததும் ஊரில் கேள்விப்பட்ட பெயரை இதற்கு வைத்துவிட்டார்கள். நெஞ்சு சிவந்த ஒரு பறவை இங்கே எல்லா வீட்டுப் புல்தரையிலும் மண்புழு தேடி ஓடும், ராபின் என்பார்கள், அதுவும் அப்படித்தான், இங்கிலாந்து ராபின் வேறு ஒரு குட்டிப் பறவை. அம்மா வந்த நாளிலிருந்து அந்த ராபினை மைனா என்றுதான் சொல்கிறார். "பின்னே, வந்த எடத்துல தெரிஞ்ச பேரைத்தான வெப்பாங்க" என்றார்.

டிரவுட் லில்லி கிடைத்ததா என்றால், இலை கிடைத்தது. ஆற்றோர மர நிழலில், போன வருடத்துச் சருகைத் தள்ளிக்கொண்டு, விரல் நீளத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக, வழுவழுப்பான பச்சை இலைகள், அதன் மேல் காப்பிக் கறை பட்டதுபோல பழுப்பும் ஊதாவும் கலந்த திட்டுகள். நூறு இலை இருக்கும். பூ ஒன்றுகூட இல்லை. கிட்டத்தட்ட 2,000 அடி உயரம்தான் இந்த இடம், இங்கே வசந்தம் முந்தியே வந்து போய்விட்டது. இரண்டிலைச் செடிகள் சிலவற்றில் மட்டும் காம்பு வளைந்து, காய் சருகின் மேல் தலை சாய்த்துக் கிடந்தது. குனிந்து பார்த்தால் காயின் நுனியில் தொப்புள் மாதிரி ஒரு குழி. அந்தக் குழியை வைத்துத்தான் தாவரவியலில் இந்த வகைக்கே தொப்புள் என்று பொருள்படும் லத்தீன் பெயரை வைத்தார்கள், அம்பிலிகேட்டம் என்று. இந்த மலையில் இரண்டு வகை மஞ்சள் டிரவுட் லில்லி உண்டு, இன்னொன்று அமெரிக்கானம், அதன் காயில் குழி இருக்காது, தரையில் படாமல் தூக்கி நிற்கும்.

"ஒத்தை எலைதான் நெறையா இருக்குது, பாரு" என்றார் அம்மா. எனக்கு முன்னாலேயே அவர் கண்ணுக்கு அது பட்டுவிட்டது. ஒற்றை இலைச் செடி பூக்காது. விதையிலிருந்து வருகிற செடி நாலைந்து வருடம், அதற்கு மேலும்கூட, ஒற்றை இலையாகவே வந்து வந்து போய், கிழங்கு போதுமான அளவு பருத்த பிறகுதான் இரண்டு இலை விட்டுப் பூக்கும். ஒரு காட்டுத் திட்டில் பூக்கிற செடி கொஞ்சம்தான், மீதி எல்லாம் காத்துக்கொண்டிருப்பவை.

இரண்டாம் நாள், வெள்ளி, மழை

விடுதியில் இரவு ஹீட்டர் ஓடவில்லை. கொண்டுவந்த கம்பளியும் என் ஜாக்கெட்டும் அம்மாவுக்குப் போர்த்தி ஒருவழியாக விடிந்தது. காலையிலேயே மழை.

இருந்தாலும் கிளம்பினோம். மலைமேல் ஏறி, மறுபக்கம் டென்னசிக்குள் இறங்கி, சிம்னிஸ் பிக்னிக் திடலில் ஒரு பாதை இருக்கிறது, முக்கால் மைல் சுற்று, பூப் பார்க்கிறவர்கள் எல்லாரும் தவறாமல் வருகிற இடம். மரம் வெட்டும் கம்பெனிகள் இந்த மலையையே மொட்டையடித்த காலத்தில் தப்பிய பழைய மரங்களில் சில இங்கே நிற்கின்றன. துலிப் மரம் ஒன்றை அம்மாவும் நானும் இரண்டு பக்கமும் நின்று கை நீட்டிப் பார்த்தோம், விரல் தொடவில்லை. பாதை ஏற்றமாக இருந்ததால் அம்மா பாதி வரைதான் வந்தார், ஆனால் அந்தப் பாதியே போதும். சரிவு முழுக்க வெள்ளை டிரில்லியம். மூன்று இலை, அதன் மேல் மூன்று இதழ், அதற்கு அடியில் மூன்று பச்சை இதழ். எல்லாமே மூன்று. வயதாக ஆக வெள்ளை இதழ் ரோஜா நிறத்துக்கு மாறும், அதனால் ஒரே சரிவில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக, மழைத் தண்ணீர் சொட்டச் சொட்ட. டிரில்லியத்துக்கு இன்னொரு பெயர் வேக் ராபின். ராபின் திரும்பி வருகிற பருவத்தில் பூப்பது, ராபினை எழுப்புவது.

டிரவுட் லில்லி? ஒன்று. ஒரே ஒன்று. ஒரு பாறைக்குப் பின்னால், தலையைத் தொங்கப் போட்டு, இதழ்களை இறுக்கி மூடிக்கொண்டு. மழையிலும் இரவிலும் அது மூடிக்கொள்ளும், வெயில் பட்டால்தான் திறக்கும். மூடிய இதழின் முதுகில் மட்டும் செம்பழுப்புக் கோடு தெரிந்தது. தொடவில்லை. பூங்காவில் பூப் பறிப்பது சட்டப்படி குற்றம், அது ஒருபக்கம் இருக்கட்டும், ஏழு வருடம் காத்திருந்து வந்த பூவாகக்கூட அது இருக்கலாம்.

மதியம் முழுக்க மழை நிற்கவில்லை, அறையில் உட்கார்ந்து இந்தப் பூவுக்கு இருக்கிற பெயர்களைப் பற்றி அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை இங்கே எழுதாமல் விட மனசில்லை.

பழைய பெயர் டாக்டூத் வயலட், அதாவது நாய்ப்பல் வயலட். வயலட்டுக்கும் இதற்கும் எந்தச் சொந்தமும் கிடையாது. ஐரோப்பாவில் இதே இனத்தில் ஒரு செடி இருக்கிறது, அதன் பூ இளஞ்சிவப்பும் ஊதாவுமாக இருக்கும், கிழங்கு வெள்ளையாக நாயின் கோரைப்பல் மாதிரி இருக்கும். அங்கே அந்தப் பெயர் பொருந்தியது. இங்கே வந்தவர்கள் மஞ்சள் பூவைப் பார்த்தும் அதே பெயரைச் சொல்லிவிட்டார்கள். தாவரவியல் பெயரிலும் இதே கதைதான்: எரித்ரோனியம் என்றால் கிரேக்கத்தில் சிவப்பு, ஆனால் இந்தக் காட்டில் பூப்பது மஞ்சள். இன்னொரு பெயர் ஆடர்ஸ் டங், விரியன் நாக்கு. மண்ணைத் துளைத்துக்கொண்டு வருகிற சுருண்ட இலை நுனியைப் பார்த்தால் ஏன் என்று தெரியும்.

இந்தப் பெயர்கள் பிடிக்காமல் போனது ஜான் பரோஸ் என்பவருக்கு. நியூயார்க் பக்கம் கேட்ஸ்கில் மலைக்காரர், தன் ஊர்க் காட்டையும் ஓடையையும் பற்றியே வாழ்நாள் முழுக்க எழுதியவர், 1921ல் இறந்தார். இது நாய்ப்பல்லும் இல்லை, வயலட்டும் இல்லை, இவ்வளவு அழகான பூவுக்கு ஒரு நல்ல பெயர் வேண்டாமா என்று 1890களில் எழுதி, இரண்டு பெயரை முன்வைத்தார். ஒன்று ஃபான் லில்லி. இரண்டு இலையும் மான்குட்டி காதைத் தூக்கியது போல நிற்பதால். இன்னொன்று டிரவுட் லில்லி. இலையின் திட்டுகள் டிரவுட் மீனின் உடம்பு போல இருப்பதாலும், டிரவுட் வாழும் ஓடைக் கரையில் இது வளர்வதாலும். மேற்கு அமெரிக்காவில் இருக்கும் வகைகளுக்கு மான்குட்டிப் பெயர் நிலைத்தது, கிழக்கில் மீன் பெயர் நிலைத்தது.

எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடித்திருக்கிறது. நாய்ப்பல் என்பது கடல் தாண்டி வந்தவர் தன் ஊர் நினைப்பில் சொன்ன பெயர். டிரவுட் லில்லி என்பது இதே ஓடைக்கரையில் உட்கார்ந்து, தண்ணீரில் மீனையும் கரையில் இலையையும் ஒரே நாளில் பார்த்தவர் சொன்னது. எந்த நேரத்தில் கண் இந்த மண்ணுக்குப் பழகியது என்பது அந்தப் பெயரிலேயே தெரிகிறது.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கெழங்கை வெச்சுப் பேரு சொல்றது நம்மூர்லயும் உண்டுதான, கலப்பைக் கெழங்கு" என்றார்.

எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. இதை நான் யோசித்ததே இல்லை. எங்கள் பக்கம் கண்வலிக் கிழங்கு என்று வயலில் போடுகிறார்களே, செங்காந்தள், தமிழ்நாட்டின் மாநில மலர், அதன் கிழங்கு ஏர்க் கலப்பை போல வளைந்திருப்பதால் அதற்குக் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர். கார்த்திகையில் பூப்பதால் கார்த்திகைப் பூ. பூவைப் பார்த்தால் கண் வலிக்கும் என்று பெரியவர்கள் சொல்வதால் கண்வலிப் பூ. இலக்கியத்தில் காந்தள். பூ ஒன்றுதான், ஒவ்வொருவரும் அவரவர் நின்ற இடத்திலிருந்து பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

மூன்றாம் நாள், சனி, வெயில்!

காலை ஆறு மணிக்கே அம்மா திரையை விலக்கிப் பார்த்துவிட்டு எழுப்பிவிட்டார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

கீழே பூ முடிந்துவிட்டது என்றால் மேலே போக வேண்டியதுதான். மலையில் வசந்தம் கீழிருந்து மேலே ஏறிப் போகும், அடிவாரத்தில் ஏப்ரல் தொடக்கத்தில் பூத்தது உச்சியில் ஏப்ரல் கடைசியில்தான் பூக்கும். நியூஃபவுண்ட் கேப் கணவாய் 5,046 அடி. வண்டியில் அரை மணி நேரம் ஏறினால் மூன்று வாரம் பின்னால் போனதுபோல இருக்கிறது: கீழே மரமெல்லாம் பச்சை, மேலே இன்னும் மொட்டைக் கிளைகள்.

முதலில் குவோஹி போனோம். பூங்காவிலேயே உயரமான சிகரம், 6,643 அடி. போன முறை நான் வந்தபோது இதன் பெயர் கிளிங்மன்ஸ் டோம், உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படைத்தலைவராக இருந்த ஒருவரின் பெயர், 1859ல் வைத்தது. செரோக்கி மக்கள் முயன்று, 2024 செப்டம்பரில் பழைய பெயரே அரசு ஆவணத்தில் திரும்பி வந்தது. குவோஹி என்றால் மல்பெரி இருக்கும் இடம். உச்சிக் கோபுரத்துக்கு அரை மைல் செங்குத்தான நடை, அம்மாவால் முடியாது, வண்டி நிறுத்துமிடத்திலிருந்தே மலை மலையாக நீலம் அடுக்கி நிற்பதைப் பார்த்துவிட்டு, அங்கிருந்த புதுப் பலகையில் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டுத் திரும்பினோம்.

அப்புறம் கணவாய்க்குப் பக்கத்தில், அப்பலாச்சியன் பாதை என்ற நெடுந்தூர நடைபாதையில் கொஞ்ச தூரம். பீச் மரக் காடு, இலை இல்லாத சாம்பல் நிறக் கிளைகளுக்குள்ளிருந்து வெயில் நேராகத் தரைக்கு வருகிறது. மணி பத்தரை இருக்கும். முதலில் ஸ்பிரிங் பியூட்டி, ரோஜாக் கோடு போட்ட சின்ன வெள்ளைப் பூக்கள், தரையே தெரியாமல். அதற்கு நடுவில், மஞ்சளாக.

டிரவுட் லில்லி. பத்து, இருபது இல்லை. சரிவு போகிற தூரம் வரை.

நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, முட்டியைப் பொருட்படுத்தாமல், பாதையோரக் கல்லில் மெதுவாக உட்கார்ந்து, முகத்தைக் கீழே கொண்டுபோய் ஒரு பூவை அண்ணாந்து பார்ப்பதுபோலப் பார்த்தார். பூ தலை குனிந்து இருப்பதால் அப்படித்தான் பார்க்க வேண்டும். ஆறு இதழும் பின்பக்கம் மடங்கி, நுனிகள் காம்பைத் தொடுவதுபோலச் சுருண்டிருந்தன. உள்ளே ஆறு மகரந்தப் பை, செங்கல் நிறத்தில், பூத்தூள் வெடித்து வந்திருந்தது. நடுவில் சூல்தண்டு நேராகக் கீழே நீண்டு நிற்கிறது.

"கண்வலிப் பூவாட்ட மடங்கி நிக்குது பாரு கண்ணு" என்றார். அப்புறம், கொஞ்சம் பொறுத்து, "ஆனா இதுக்குக் கழுத்து ஒடியலை."

அம்மா சொன்னதைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிய வேண்டும். செங்காந்தள் பூவில் சூல்தண்டு அடியிலேயே ஒடித்துவிட்டதுபோல பக்கவாட்டில் மடங்கி, மகரந்தப் பைகளை விட்டு விலகி நீட்டிக்கொண்டிருக்கும். தன் மகரந்தம் தன் மேலேயே விழாமல் இருக்க அது செய்யும் ஏற்பாடு. ஆனால் வயலில் நிறையக் காய் வேண்டுமே. அதனால் எங்கள் பக்கம் கண்வலிக் காட்டில் காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் ஆட்கள் இறங்கி, ஒவ்வொரு பூவிலும் கையால் மகரந்தம் எடுத்து இன்னொரு பூவின் சூல்முடியில் தொட்டு வைப்பார்கள். பூக்கிற காலம் முழுவதும், தினமும். அம்மா அதை இருபது வருடம் செய்திருக்கிறார். கிளுவைக் குச்சியில் ஏறி நிற்கிற கொடிகளுக்கு நடுவில், பள்ளிக்கூடம் போகும் முன்னால் நானும் நின்றிருக்கிறேன், அந்த மஞ்சள் தூள் விரலில் ஒட்டினால் கண்ணில் வைக்காதே என்று கத்துவார். கிழங்கும் விதையும் நஞ்சு, கோல்ச்சிசின் என்ற மருந்துப் பொருளை அதிலிருந்து எடுக்கிறார்கள், விதை அதற்காகத்தான் விற்பனை ஆகிறது. தாவரவியலில் இரண்டு பூவும் லிலியேல்ஸ் என்ற ஒரே வரிசை, தூரத்துச் சொந்தம். அது எனக்குப் புத்தகத்தில் தெரியும். அம்மாவுக்கு விரலில் தெரிந்திருக்கிறது.

"இதுக்கு ஆரு தொட்டு வெக்கிறது?" என்று கேட்டார்.

சரியாக அந்த நேரத்தில் ஒரு சின்னத் தேனீ வந்தது, நம் ஊர்க் கொசுத்தேனீயைவிடக் கொஞ்சம் பெரிது, பூவுக்கு அடியிலிருந்து ஏறித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு மகரந்தத்தைச் சுரண்டியது. என்ன தேனீ என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் டிரவுட் லில்லியின் மகரந்தத்தையே பெரிதும் நம்பி வாழ்கிற மண்தேனீ ஒன்று உண்டு, அதன் அறிவியல் பெயரிலேயே இந்தப் பூவின் பெயர் இருக்கிறது: ஆண்டிரீனா எரித்ரோனை. தனியாக மண்ணில் குழி தோண்டிக் குஞ்சு வளர்க்கும். பூ முடிந்தால் அதன் வருடமும் முடிந்த மாதிரிதான்.

ஒன்றரை மணி நேரம் அங்கேயே இருந்தோம். யாரோ ஒரு குடும்பம் கடந்து போனது, அவர்களில் ஒரு சிறுமி நின்று இது என்ன பூ என்று கேட்டாள், நான் சொன்னேன், ஏன் அந்தப் பெயர் என்று கேட்டாள், இலையைக் காட்டினேன். "ஓ" என்று ஒரு நீளமான ஓ சொன்னாள். வேறு எந்தப் பெயரைச் சொல்லியிருந்தாலும் அந்த ஓ வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இறங்கும்போது அம்மாவிடம் இன்னொன்றும் சொன்னேன். நியூ ஹாம்ப்ஷயரில் ஹப்பர்ட் புரூக் என்ற ஆராய்ச்சிக் காட்டில் முல்லர், போர்மன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1976ல் எழுதியது. பனி உருகும் பருவத்தில் மரங்கள் இன்னும் தூங்குகின்றன, மண்ணிலிருக்கும் நைட்ரஜனும் பொட்டாசியமும் தண்ணீரோடு ஓடைக்குப் போய்விடும் நேரம் அது. அப்போது விழித்திருப்பது டிரவுட் லில்லி மாதிரிச் செடிகள்தான். அவை அந்தச் சத்தை உறிஞ்சி இலையில் பிடித்து வைத்துக்கொள்கின்றன, மரங்கள் இலை விட்ட பிறகு இவை அழுகி அந்தச் சத்தை மண்ணுக்கே திரும்பக் கொடுத்துவிடுகின்றன. வசந்த கால அணை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

"ஊட்டுல எல்லாரும் எந்திரிக்கறதுக்குள்ள எந்திரிச்சு அடுப்புப் பத்த வெக்கிற மாதிரி" என்றார் அம்மா.

நான்காம் நாள், ஞாயிறு, வீடு திரும்பினோம்

நேராகச் சார்லட்டுக்குப் போவதாகத்தான் திட்டம். ஆனால் காலையில் அம்மாவே "இன்னொருக்கா மேல போலாமா" என்றார். சரி, போகலாம். பூவை மறுபடி பார்த்துவிட்டு, டென்னசிப் பக்கம் கொஞ்சம் இறங்கி, சாலையை ஒட்டி ஓடும் வாக்கர் கேம்ப் பிராங் என்ற ஓடையில் வண்டியை நிறுத்தினேன். பிராங் என்றால் இந்த மலையில் ஓடைக் கிளை. தண்ணீர் பளிங்கு மாதிரி, கை வைத்தால் எலும்பு வரை குளிர்கிறது.

ஒரு பெரியவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். என்ன மீன் என்று கேட்டேன். "ஸ்பெக்" என்றார். ஸ்பெக் என்றால் புள்ளி. கடைகளிலும் புத்தகங்களிலும் புரூக் டிரவுட் என்று எழுதுகிறார்களே, அந்த மீனுக்கு இந்த மலைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் அதுதான். டிரவுட் என்று சொல்கிற மீன்களில் இந்த ஓடைகளின் சொந்த மீன் இது ஒன்றுதான். நூறு வருடம் முன்னால் மரம் வெட்டியதில் ஓடைகள் நிழல் இழந்து, மண் சரிந்து, ஸ்பெக் மேல்மட்ட ஓடைகளுக்கு ஒதுங்கிவிட்டது. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட ரெயின்போ டிரவுட் கீழே நிரம்பிவிட்டது. 1976ல் பூங்காவில் ஸ்பெக் பிடிக்கவே தடை போட்டு, 2006ல்தான் நீக்கினார்கள். பெரியவர் அந்த முப்பது வருடமும் கரையில் நின்று பார்க்க மட்டும் செய்ததாகச் சொன்னார். அவர் சொன்ன இன்னொரு விஷயம் எனக்கும் தெரிந்ததுதான்: புரூக் டிரவுட் உண்மையில் டிரவுட்டே இல்லை, சார் (char) என்ற வேறு மீன் வகை. அதுவும் கடல் தாண்டி வந்தவர்கள் வைத்த பெயர்தான்.

பேசிக்கொண்டே இருக்கும்போது தூண்டில் இழுத்தது. பெரியவர் முதலில் கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டார், காய்ந்த கை பட்டால் மீனின் மேல் வழவழப்பு போய்விடும் என்று. ஆறு அங்குலம் இருக்கும். ஈரக் கையில், தண்ணீரை ஒட்டியே வைத்து, அம்மாவுக்குக் காட்டினார்.

முதுகு கரும்பச்சை. அதன் மேல் புழு ஊர்ந்துபோன தடம் மாதிரி வெளிறிய கோடுகள், நெளிந்து நெளிந்து, ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும். பக்கவாட்டில் இறங்க இறங்கக் கோடு புள்ளியாகிறது, மஞ்சள் புள்ளி, நடுநடுவே சிவப்புப் புள்ளி, ஒவ்வொரு சிவப்பைச் சுற்றியும் நீல வளையம். அடித் துடுப்பின் ஓரத்தில் சுண்ணாம்பு தடவியதுபோல ஒரு வெள்ளைக் கோடு. மூச்சுக்கு மூச்சு செவுள் திறக்கிறது. முதுகின் அந்த நெளிவு, ஈரம் பட்ட பளபளப்போடு, அரை மணி நேரம் முன்னால் நாங்கள் பார்த்த இலையேதான். நிறம் ஒன்றல்ல. ஆனால் வெளிச்சமும் நிழலும் கலக்கிற அந்த விதம் ஒன்று. கண்ணை எடுக்க முடியவில்லை. பெரியவர் கையைத் தாழ்த்தினார், மீன் ஒரு வெட்டு வெட்டிக் கல்லுக்கு அடியில் போய்விட்டது, போனதும் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

அம்மா ரொம்ப நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கி வந்து செரோக்கியில் காப்பிக்கு நிறுத்தினோம். காலை பத்து மணி, ஊரில் இரவு ஏழரை. அம்மா சித்திக்கு வாட்ஸ்அப்பில் போன் போட்டார். சித்தி இப்போதும் மூலனூரில் ஒன்றரை ஏக்கர் கண்வலி போடுகிறார். முந்தின நாள் எடுத்த படங்களை நான் ஏற்கெனவே அனுப்பியிருந்தேன்.

"என்ன பூவுக்கா அது, நம்ம கண்வலியாட்டவே இருக்குது?"

அம்மா என்னைப் பார்த்தார். டிரவுட் லில்லி என்று நான் உதட்டை அசைத்துக் காட்டினேன். அம்மா அதைச் சொல்லவில்லை.

"கண்வலி இல்ல சாமி. விரால் பூ. எலையைப் பாரு, விரால் முதுகாட்ட. மொதல்ல நாலஞ்சு வருசம் ஒத்தை எலைதான், அப்பறந்தான் பூ."

"வெதை புடிக்குமா? ஆளு வெக்கோணுமா?"

"ஆளெல்லாம் வேண்டாம். ஈ வந்து தொட்டு வெச்சுட்டுப் போயிருது. காய் தானா வெடிச்சு வெதை உளுந்தா, வெதையோட நுனியில தின்றதுக்கு ஏதோ ஒட்டிட்டு இருக்குதாம், அதுக்காவ எறும்பு புத்துக்குத் தூக்கீட்டுப் போய், அதைத் தின்னுட்டு வெதையை அங்கயே போட்டுருமாம். அங்கிருந்து மொளைக்குது."

சித்தி அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், எறும்பு எவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு போகும் என்று கேட்டார். அம்மா மேஜையில் காப்பிக் கோப்பையிலிருந்து சர்க்கரைப் பொட்டலம் வரை விரலால் அளந்து பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் தள்ளி, என் கைப்பை வரை விரலைக் கொண்டுபோனார்.